கொடைக்குத் தைக்கத் தொடங்குவோருக்கு: துணி, மெஷின், வீட்டில் ஒரு தையல் மூலை

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக்குப் பல ஊர்களிலிருந்தும் லாரிகளில் பழந்துணி வந்து இறங்கியது. மீனவக் குடும்பங்கள் அதில் பெரும்பகுதியைத் தொடவே இல்லை. கிழிந்தவையும் அழுக்கேறியவையும் அவர்கள் உடுத்தும் வழக்கமே இல்லாதவையுமான ஆடைகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன, அவற்றை அகற்றுவதே தனி வேலையாயிற்று. ஆரோவில்லின் உபாசனா என்னும் ஆடை வடிவமைப்புக் கூடத்தார் செய்தது வேறு. அவர்கள் மீனவப் பெண்களோடு உட்கார்ந்து, தையலில் மிஞ்சிய வெட்டுத்துணியைக் கொண்டு விரலளவுப் பொம்மை ஒன்றைச் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். சுனாமிகா என்று பெயர் பெற்ற அந்தப் பொம்மை விலைக்கு விற்கப்படவில்லை. பரிசாகவே கைமாறிப் பல நாடுகளுக்குப் போனது, செய்த பெண்களுக்கு நன்கொடைகளிலிருந்து கூலி கிடைத்தது. இரண்டுமே பிறர் கழித்த துணிதான். எதிரில் இருப்பவரைக் கேட்டுச் செய்தார்களா, கேட்காமல் கொட்டினார்களா என்பதில்தான் வேறுபாடு.

வீட்டில் சும்மா இருக்கும் தையல் மெஷினைத் துடைத்துவைத்து, ஓய்வு நேரத்தில் யாருக்காவது உதவும்படி எதையாவது தைக்கலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் துணியில் தொடங்குகிறார்கள். கையில் இருக்கும் துணிக்கு ஏற்ற பொருளைத் தைத்துவிட்டு, பிறகு அதை யாரிடம் கொடுப்பது என்று தேடுகிறார்கள். இக்கட்டுரை அந்த வரிசையைத் தலைகீழாக வைக்கிறது. பெறுபவர் முதலில், பொருள் இரண்டாவது, துணியும் மெஷினும் அதன் பிறகு. நேர்கோட்டில் தைக்கத் தெரிந்தவர்களுக்கும், இனிமேல்தான் தெரிந்துகொள்ளப் போகிறவர்களுக்கும் இது எழுதப்பட்டது.

யாருக்கு, எதை

நடந்தோ ஒரு பேருந்திலோ போய்வரும் தூரத்தில் இருக்கும் ஓரிடத்தை மட்டும் முதலில் தேர்ந்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவு, முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம் என எதுவாகவும் இருக்கலாம். மருத்துவமனை என்றால் நிலைய மருத்துவ அலுவலரையும், வார்டின் தலைமைச் செவிலியரையும் பார்க்க வேண்டும். எல்லோரும் ஆர்.எம்.ஓ. என்று அழைக்கும் அந்த அலுவலரின் அனுமதியில்லாமல் வார்டுக்குள் எதையும் கொண்டுபோகக் கூடாது. ஆனால் உண்மையில் எது பற்றாக்குறை என்று சொல்லக்கூடியவர் செவிலியர்தான். இல்லங்களில் மேலாளரைவிடத் துணி துவைப்பவரிடம் பேசினால் அதிகம் தெரியவரும். எந்தத் தலையணை உறை முதலில் கிழிகிறது, எந்த நாடா துவைக்கும்போது அறுந்துபோகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

கேட்க வேண்டியவை நான்கே: இப்போது என்ன இருக்கிறது, எது போதவில்லை, எப்படித் துவைக்கிறீர்கள், எதைத் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். அதற்குக் கிடைக்கும் பதில்தான் உங்கள் உழைப்பை வீணாகாமல் காக்கும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவித்த தாய்மார்களுக்கு 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் குழந்தைக்கான உடையும் துண்டும் இடம்பெற்றிருந்தன. அப்படிப்பட்ட வார்டில் ஐம்பது ஜப்லாக்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதைவிட, எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கான குல்லாய்கள் பத்தைக் கொடுப்பது பெரிய உதவியாக இருக்கக்கூடும். கேட்டால்தானே தெரியும்.

காலத்தையும் கவனியுங்கள். தீபாவளியை ஒட்டிய மாதங்களில் இல்லங்களுக்குப் புத்தாடைகள் வந்து குவியும். சித்திரை, வைகாசியில் ஒருவரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். வீட்டிலிருந்து நிதானமாகத் தைப்பவருக்கு அந்த வெறிச்சோடிய மாதங்களே ஏற்றவை.

மெஷின்

புதிய மெஷின் வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. பரணில் அம்மாவின் கால் மெஷின் இருக்கும். அல்லது தெரிந்தவர் வீட்டில் பழைய உஷாவோ சிங்கரோ மெரிட்டோ துணி மூடிக் கிடக்கும். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் கீழ் அரசு வழங்கிய மெஷின்களும் பல வீடுகளில் உண்டு. நேர்தையல் மட்டும் போடும் கறுப்பு மெஷின், கொடைக்குத் தைக்கும் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். பூவேலைத் தையல்கள் நூறு போடும் மின்னணு மெஷினைத் தொடக்கத்திலேயே வாங்குவது வீண்செலவு என்பது என் கருத்து. கால் மெஷினுக்கு மின்வெட்டு ஒரு பொருட்டல்ல. வேகம் காலின் கட்டுப்பாட்டில் இருப்பதால் புதியவர்களுக்குப் பயமும் குறைவு.

பழைய மெஷினை எடுத்ததும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஊசிக்குக் கீழுள்ள தகட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லுக்கு இடையில் அடைந்திருக்கும் பஞ்சுத் தூசியைத் தூரிகையால் எடுத்துவிட வேண்டும். அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் கேஸைக் கழற்றி, அதைச் சுற்றி ஓடும் ஷட்டிலையும் அதே போலத் துடைக்க வேண்டும். பிறகு எண்ணெய்த் துளைகள் ஒவ்வொன்றிலும் ஓரிரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் சில நிமிடம் ஓட்டி, கசியும் எண்ணெயைக் கழிவுத்துணியில் தைத்தே துடைத்தெடுக்கலாம். சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து விடுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம்; அது சில மாதங்களில் பிசினாக இறுகி, சக்கரத்தையே திருப்ப முடியாமல் செய்துவிடும். அப்படி இறுகிப்போன மெஷினை வலுக்கட்டாயமாகச் சுழற்றாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் அதைச் சற்று வெட்டிச் சுருக்கி மாட்டுவதும் அவருக்கு ஐந்து நிமிட வேலை.

ஊசியில் சிக்கனம் கூடாது. பாப்ளின், கேம்பிரிக் போன்ற நடுத்தரத் துணிக்கு 14-ஆம் எண், மெல்லிய மல் துணிக்கு 11, காடா என்னும் வெளுக்காத தடித்த பருத்தித் துணியைப் பல மடிப்பாகத் தைக்க 16. பனியன் துணிக்கு முனை உருண்ட தனி ஊசி வேண்டும். கூர்மையான சாதாரண ஊசி பின்னலின் கண்ணியை அறுத்துவிடும், இரண்டு சலவையில் அந்த இடம் ஓட்டையாகும். கடையில் கேட்கும்போது வீட்டு மெஷினுக்கு என்று சொல்லிக் கேளுங்கள். வீட்டு மெஷின் ஊசியின் காம்பு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். தொழிற்கூடங்களில் ஓடும் ஜூக்கி வகை மெஷின்களின் ஊசிக்கு அந்தத் தட்டை கிடையாது. தைக்கும்போது துணியில் 'டப் டப்' என்று ஒலி வந்தால் முனை மழுங்கிவிட்டது என்று பொருள், மாற்றிவிடுங்கள்.

நூலுக்கு ஸ்பன் பாலியஸ்டர் போதும். இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் துணியைக் கொதிநீரிலும் காரமான சோப்பிலும் துவைப்பார்கள். மலிவான பருத்தி நூல் அதற்குத் தாங்காது. தையலின் நீளத்தை அங்குலத்துக்குப் பத்துத் தையல் விழும்படி வைத்துக்கொள்ளுங்கள். துணியின் அடிப்பக்கத்தில் நூல் கூடுகட்டினாற்போல் சிக்கினால் எல்லோரும் முதலில் பாபினைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் பெரும்பாலும் குற்றம் மேல்நூலில் இருக்கும். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்த நிலையில் மேல்நூலை மறுபடி முதலிலிருந்து கோத்துப் பாருங்கள், பாதிச் சிக்கல்கள் அதோடு தீரும்.

துணி

விலைக்கு வாங்குவதற்கு முன் வீட்டுப் பீரோவைத் திறந்து பாருங்கள். திருமணம், வளைகாப்பு, கொலு என்று போன இடமெல்லாம் தாம்பூலத்தோடு வந்த ரவிக்கைத் துணிகள் ஒரு கட்டு இருக்கும். அவற்றில் பல, வீடு வீடாகச் சுற்றிவந்தவை. ஆனால் அவை எல்லாம் பருத்தியல்ல. ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, சமையலறைத் தொட்டிக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாகும். உருகும் துணியைப் பைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், உடலில் படும் எதற்கும் வேண்டாம்.

வாங்குவதென்றால் நம் ஊரில் வழிகள் பல. பனியன் துணிக்குத் திருப்பூர், அதிலும் ஏற்றுமதி மிச்சங்களுக்குக் காதர்பேட்டை. படுக்கை விரிப்பு, துண்டு வகைகளுக்குக் கரூர். காடா முதல் கேம்பிரிக் வரை மொத்தமாக எடுக்க ஈரோட்டு ஜவுளிச் சந்தை. மதுரைக்காரர்களுக்குப் பல தலைமுறைகளாகப் புதுமண்டபத்தில் இருந்த தையல் பொருள் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கின்றன. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், தெருவில் இருக்கும் டெய்லரிடம் வெட்டுத்துணியைக் கேட்டு வாங்கலாம். அள்ளிக்கொண்டு போனால் இடம் மிச்சம் என்று அவரும் மகிழ்வார். பிறந்த குழந்தைக்கும் மருத்துவமனைக்கும் போகும் பொருள்களுக்கு மட்டும் புதுத்துணியே எடுக்க வேண்டும். மென்மைக்காகப் பழைய வேட்டியைத் தேடுவது நம் வீட்டுக் குழந்தைக்குச் சரி, முன்பின் அறியாத தாயிடம் கொடுப்பதற்குச் சரியல்ல.

எந்தப் பருத்தித் துணியானாலும் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு நீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுவிடுங்கள். கஞ்சி போகும், மிஞ்சிய சாயம் தெரிந்துவிடும், சுருங்க வேண்டியது சுருங்கிவிடும். இந்தப் படியைத் தவிர்த்துத் தைத்த தலையணை உறை முதல் சலவைக்குப் பிறகு தலையணைக்குள் ஏறாது. வெட்டும்போது துணியின் கரைக்கு இணையாக ஓடும் பாவு நூல் பொருளின் நீளவாக்கில் வரும்படி வைக்க வேண்டும். ஊடைவாக்கில், அதாவது குறுக்காக வெட்டிய கைப்பிடியும் நாடாவும் இழுபட்டு நீளும்.

இடம்

தனி அறை வேண்டும் என்று காத்திருந்தால் தொடங்கவே மாட்டீர்கள். ஜன்னலோரம் நான்கடிக்கு நான்கடி இடம் போதும். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து ஊசியின் மேல் விழும்படி மெஷினைப் போடுங்கள்; மெஷினின் உயர்ந்த உடற்பகுதி வலப்பக்கம் இருப்பதால், வலமிருந்து வரும் வெளிச்சத்துக்கு அதன் நிழலே குறுக்கே நிற்கும். மாலையில் தைப்பவர்கள் வளைந்த கழுத்துள்ள எல்.இ.டி. விளக்கு ஒன்றை ஊசிக்கு அருகில் பொருத்திக்கொள்ளலாம்.

துணி வெட்டும் பரப்பு மெஷின் மேசையைவிட உயரமாக, ஏறத்தாழ இடுப்பளவு இருக்க வேண்டும். தரையில் விரித்து, குனிந்தபடியே பத்துப் பைகளை வெட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. அதற்கென மேசை வாங்காமல், நாலுக்கு மூன்றடிப் பிளைவுட் பலகை ஒன்றைச் சாப்பாட்டு மேசையின் மேல் போட்டு, வேலை முடிந்ததும் சுவரோரம் சாய்த்துவிடலாம். மேசை தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள். இஸ்திரிப் பெட்டி, எழுந்து இரண்டடி நடந்தால் எட்டும் இடத்தில் இருக்கட்டும்; மடியிலேயே இருந்தால் சோம்பேறித்தனம் வரும், அடுத்த அறையில் இருந்தால் இஸ்திரியே போட மாட்டோம்.

நான் மிகவும் வற்புறுத்துவது ஒன்று உண்டு. வேலையை எந்த நிமிடத்திலும் நிறுத்தி, மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரும்படி ஏற்பாடு இருக்க வேண்டும். குக்கர் விசில் அடிக்கும், குழந்தை எழும், வாசலில் ஆள் வருவார். வெட்டிய துண்டுகளைப் பொருள்வாரியாகக் கட்டி, ஒவ்வொரு கட்டின் மேலும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய சீட்டைக் குத்தி, மூடியுள்ள டப்பாவில் போட்டுவையுங்கள். எடுப்பதற்கும் அடுக்குவதற்கும் கால் மணி நேரம் ஆகுமென்றால், அரை மணி ஓய்வு கிடைத்தாலும் யாரும் மெஷின் பக்கம் போவதில்லை.

கருவிகளில் அதிகம் வேண்டாம்: துணிக்கு மட்டுமே பயன்படும் நல்ல கத்தரி ஒன்று, காகிதத்துக்கு வேறொன்று, இஞ்ச் டேப், இரும்பு ஸ்கேல், மார்க்கிங் சாக், தையல் பிரிக்கும் கருவி, குண்டூசி, ஒரு காந்தம். துணிக் கத்தரியால் காகிதம் வெட்டக் கூடாது என்பதை வீட்டாருக்கு எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. ஆணியில் மாட்டாமல் பூட்டிவைப்பதே வழி.

துணியைப் பெட்டியில் சேர்த்து வைப்பவர்கள் பாச்சை உருண்டை போடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். நாப்தலீன் உருண்டையின் ஆவி துணியில் ஏறி நிற்கும். ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு அந்தத் துணி சிவப்பணுக்களைச் சிதைத்து, கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. காய்ந்த வேப்பிலையைச் சிறு துணியில் முடிந்து வைத்தாலே போதும்.

முதல் வேலை: எக்ஸ்ரே பை

அரசு மருத்துவமனைக்கு வெளியே நின்று பார்த்தால், வருபவர்களில் பாதிப்பேர் எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் பழைய சீட்டுகளையும் கிழிந்த பிளாஸ்டிக் உறையில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவது தெரியும். பெரிய எக்ஸ்ரே ஃபிலிம் 14-க்கு 17 அங்குலம். சாதாரண மஞ்சப்பையில் அது மடங்காமல் நுழையாது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த பின், 2021 இறுதியில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. மளிகைப் பைகள் இப்போது நிறையக் கிடைக்கின்றன, இந்த அளவுப் பைதான் கிடைப்பதில்லை. எல்லாமே நேர்தையல் என்பதால் கை பழகுவதற்கும் இது நல்லது.

ஒரு பைக்கு 17 அங்குல அகலமும் 41 அங்குல நீளமும் உள்ள ஒரே துண்டு, கைப்பிடிக்கு மூன்றரை அங்குல அகலமும் 22 அங்குல நீளமும் உள்ள இரண்டு பட்டிகள். 36 அங்குல அகலமுள்ள காடாவில் இரண்டு பைகள் அருகருகே அமையும், ஒரு வரிசையில் பத்துப் பட்டிகளும் அமையும். அந்தக் கணக்கில் பத்துப் பைகளுக்கு ஏறத்தாழ ஆறரை மீட்டர் ஆகும். சுருக்கத்தையும் சேர்த்து ஏழு மீட்டராக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பட்டிகளை முடித்துவிட வேண்டும். பட்டியின் இரு ஓரங்களையும் நடுக்கோட்டை நோக்கி மடித்து, மறுபடி நடுவில் மடித்து இஸ்திரி போட்டால் நான்கு அடுக்காகும். இரு ஓரத்திலும் தையல் ஓட்டுங்கள். அடுத்து, பெரிய துண்டைக் குறுக்காக, நல்ல பக்கம் வெளியே தெரியும்படி மடியுங்கள். மடிப்பே பையின் அடிப்பக்கம் என்பதால் அங்கே தையலே கிடையாது, எடையால் பிரியவும் பிரியாது. பக்கவாட்டு ஓரங்கள் இரண்டையும் கால் அங்குலம் உள்தள்ளித் தைத்து, பிசிறை ஒட்ட வெட்டி, பையை உட்புறமாகத் திருப்பி, மறுபடி அரை அங்குலத்தில் முக்கால் பங்கு, அதாவது எட்டில் மூன்று அங்குலம் தள்ளி இன்னொரு தையல் போடுங்கள். பிசிறு முழுவதும் இரண்டு தையலுக்கு நடுவில் அடைபட்டுவிடும். பிசிறைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் இல்லாத குறையே தெரியாது.

வாய்ப்பகுதியை முதலில் அரை அங்குலம், பிறகு ஓர் அங்குலம் மடித்து இஸ்திரி போடுங்கள். கைப்பிடியின் நுனிகளைப் பக்க ஓரத்திலிருந்து நான்கு அங்குலம் தள்ளி அந்த மடிப்புக்குள் செருகி, சுற்றிலும் தைத்து, பிடியை மேல்நோக்கித் திருப்பி, அது மடிப்பின் மேல் படியும் இடத்தில் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைக்க வேண்டும். இழுக்கும் பாரம் முழுவதும் அந்தச் சதுரத்தில்தான் விழும் என்பதால், அவசரப்பட்டு ஒரே தையலோடு விட்டுவிடாதீர்கள். முடிந்த பை ஏறத்தாழ பதினைந்தே முக்கால் அங்குல அகலமும் 19 அங்குல உயரமும் இருக்கும். பத்துப் பைகளையும் ஒவ்வொன்றாக முடிப்பதைவிட, எல்லாப் பட்டிகளையும் முதலில், எல்லாப் பக்கத் தையலையும் அடுத்து என்று போனால் நேரம் மிச்சமாகும், தையலும் ஒரே சீராக வரும்.

பச்சிளங்குழந்தைக்கு

குழந்தைத் துணி சின்னது என்பதால் எளிது என்று எண்ண வேண்டாம். கண்டிப்பு அதிகம் வேண்டிய இடம் இதுதான். பொத்தான், மணி, சம்கி, லேஸ் எதுவும் கூடாது. கழுத்தில் கட்டும் நாடா கூடவே கூடாது. குழந்தை மல்லாந்தே கிடக்கும் என்பதால் முதுகில் முடிச்சு வந்தால் உறுத்தும். ஆகவே முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, அக்குளுக்குக் கீழே ஆறு அங்குல நாடாவால் பக்கவாட்டில் கட்டும் ஜப்லாவே நல்லது. முழுவதும் விரித்துப்போட்டு, குழந்தையை அதன்மேல் கிடத்தி உடுத்திவிடலாம், தலைவழியாக மாட்ட வேண்டியதில்லை. சராசரி எடையில் பிறந்த குழந்தையின் மார்புச் சுற்றளவு 13 அங்குலத்தை ஒட்டியிருக்கும். உடை ஒரு பக்கத்தில் ஒன்பதரை அங்குல அகலம், பதினோரு அங்குல நீளம், கைத்துளை நான்கு அங்குலம் இருந்தால் இரண்டு மாதம் வரை உதவும். தையலின் பிசிறுப் பக்கம் குழந்தையின் தோலில் படாமல் வெளியே வரும்படி தைப்பது இன்னும் மேல். பார்க்க அழகில்லை என்று சிலர் சொல்வார்கள், குழந்தை சொல்லாது.

கையுறையும் காலுறையும் தைத்துத் தருகிறேன் என்று பலர் முன்வருவார்கள். அவற்றின் உள்ளே தொங்கும் ஒற்றை நூல் குழந்தையின் விரலைச் சுற்றி இறுகி, இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடக்கூடும். குழந்தை அழும், காரணம் தெரியாது. பிசிறு முற்றிலும் அடைபடும்படி தைக்கப் பழகும்வரை அந்த இரண்டையும் தொடாமல் இருப்பதே நல்லது.

குல்லாய் பற்றி மேலே சொன்னேன். இரண்டரை கிலோவுக்குக் குறைவான எடையில் பிறக்கும் குழந்தைகளைத் தாயின் மார்போடு, தோலில் தோல் படும்படி அணைத்துவைக்கும் கங்காரு முறைப் பராமரிப்பு, 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கி, இன்று நம் அரசு மருத்துவமனைகள் வரை வந்திருக்கிறது. அப்போது குழந்தையின் உடலில் இருப்பவை இடுப்புத் துணியும் குல்லாயும் காலுறையும்தான். பனியன் துணியில், இழுபடும் திசை தலையைச் சுற்றி வரும்படி, பன்னிரண்டரை அங்குல அகலமும் ஏழரை அங்குல உயரமும் வெட்டி, இரண்டாக மடித்து, மேற்பகுதியைக் கவிந்த வளைவாக நறுக்கித் தைத்தால் குல்லாய் தயார். தைக்கும்போது துணியை மிக இலேசாக இழுத்துப் பிடித்தால்தான் நேர்தையல் பின்னர் அறுபடாது. அடி ஓரத்தை ஓர் அங்குலத்துக்கு மேல் வெளியே மடித்துவிட்டால் தலையின் அளவுக்கேற்ப ஏற்றி இறக்கலாம். குழந்தைகள் மிகச் சிறியவை என்றால் அளவைச் செவிலியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதியோர்க்கு

தலையணை உறையில் தொடங்கலாம்: கடையில் கிடைக்கும் 17-க்கு 27 அங்குலத் தலையணைக்கு, 18-க்கு 28 அளவில் உறை. ஜிப், பொத்தான் இரண்டும் தவிர்த்து, உள்ளே ஏழங்குலம் மடங்கிச் செருகும் மடல் வைத்தால் கொதிநீர்ச் சலவைக்கும் தாங்கும், முகத்தையும் உறுத்தாது. படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு மூன்றடிக்கு ஐந்தடியில் பருத்திக் குறுக்கு விரிப்பு தைத்துக் கொடுங்கள். இடுப்புக்குக் கீழே விரித்து, நனைந்தால் அதை மட்டும் மாற்றலாம், இருவர் இரு பக்கமும் பிடித்து அவரை நகர்த்தவும் அது உதவும். இரண்டு துண்டுகளை ஒட்டுப்போட்டு விரிப்பு தைக்கக் கூடாது. நடுவில் ஓடும் தடித்த தையல், அசையாமல் கிடப்பவரின் தோலில் புண்ணுக்கு வழி செய்யும். நைட்டி, சட்டை வகையில் முதுகுப்புறம் முழுவதும் திறந்து தோளருகே கட்டும் அமைப்பு இருந்தால், பார்த்துக்கொள்பவர் அவரைத் தூக்காமலே உடுத்திவிடலாம்.

சரிபார்ப்பு, ஒப்படைப்பு, கணக்கு

திருப்பூர்த் தொழிற்கூடங்களில் ஊசி உடைந்தால், உடைந்த எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்டிக் கணக்குக் காட்டிய பிறகே புதிய ஊசி தருவார்கள். வீட்டுக்கும் அந்த ஒழுங்கு பொருந்தும். ஊசித் துண்டு கிடைக்கவில்லை என்றால் தைத்துக்கொண்டிருந்த பொருளைக் கொடைக்கு வைக்கக் கூடாது. குண்டூசிகளை எண்ணிக் குத்துங்கள், எண்ணி எடுங்கள். முடிந்த ஒவ்வொன்றின் மேலும் காந்தத்தை ஓட்டுங்கள். பிறகு கையால் இழுத்து, தையல் விடுகிறதா என்று பார்த்து, தொங்கும் நூல்களை வெட்டி, வாசனையில்லாத சோப்பில் ஒருமுறை துவைத்து, வெயிலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, அளவு எழுதிய சீட்டோடு பத்துப் பத்தாகக் கட்டலாம். கடையில் காசு கொடுத்து வாங்க நீங்களே தயங்கும் தையலைக் கட்டில் சேர்க்காதீர்கள், பிரித்துத் தையுங்கள்.

குழந்தைகள் இல்லத்தில் கொடுக்கும்போது படம் எடுத்துப் பகிரும் ஆசையை விட்டுவிடுங்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பராமரிப்பில் உள்ள குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடைசெய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், வாங்கும் கையைப் படமெடுப்பது எனக்கு ஒப்பில்லை.

தனியாகத் தைக்கும்வரை ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: துணி எங்கே எவ்வளவுக்கு வாங்கியது, எத்தனை தைத்தது, யாரிடம் எப்போது கொடுத்தது. பிறரிடம் பணம் வாங்கத் தொடங்கினால் ஒவ்வொரு ரூபாய்க்கும் சீட்டு எழுதுங்கள். நன்கொடைக்காக வருமான வரியில் கிடைக்கும், 80ஜி என்று அறியப்பட்ட விலக்கு அதற்கெனப் பதிவு பெற்ற அமைப்புக்குப் பணமாகத் தரும் நன்கொடைக்கே உண்டு. துணியாகவோ தைத்த பொருளாகவோ தருவதற்குக் கிடையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. குழு வளர்ந்து சங்கமாகப் பதிய விரும்பினால், 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். அதுவரை ஏற்கெனவே பதிவுபெற்ற அமைப்பொன்றின் வழியாகத் தருவதே எளிது.

கொடுத்து ஓரிரு மாதம் கழிந்ததும் அதே இடத்துக்கு வெறுங்கையோடு ஒருமுறை போய்வாருங்கள். துவைக்கும் அம்மாவிடம் நீங்கள் தைத்த உறை ஒன்றை வாங்கிப் பார்த்தால், எந்த மூலை விட்டிருக்கிறது, எந்த நாடா போதவில்லை என்பது கையிலேயே தெரியும். அந்தத் திருத்தத்தை வெட்டுக் காகிதத்தின் மேலேயே தேதியோடு எழுதிவைத்துவிட்டு அடுத்த கட்டுத் துணியை ஊறப்போடலாம்.